மே மாதத்தில் பெல் அடித்த பள்ளி

வகுப்பை அடக்குவது எப்படி என்று புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களிடம் பேச வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு அது தெரியாது. என் பணிக்காலம் முழுக்க வகுப்புதான் என்னை அடக்கி வைத்திருந்தது. ஆகவே எனக்குத் தெரிந்த வேறொன்றைச் சொல்கிறேன். மேலேயிருந்து ஓர் உத்தரவு வந்திருக்கும், எதிரே பிள்ளைகள் உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள், வாசலில் ஒரு ஜீப் வந்து நிற்கும். அந்த நேரத்தில் என்ன செய்வது என்று பி.எட். புத்தகத்தில் யாரும் எழுதி வைக்கவில்லை.

இன்று காலையில் காபி குடிக்கும்போது உங்களில் இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது. கோடை விடுமுறையை எடுத்துவிட்டு வருடம் முழுவதும் பள்ளி நடத்தினால் என்ன, நடுநடுவே சின்னச் சின்ன விடுமுறை விட்டுக்கொள்ளலாமே என்று. நல்ல யோசனைதான். நாங்கள் நடத்தியே பார்த்திருக்கிறோம். சிரிக்காதீர்கள், சிரிக்க வேண்டிய இடம் இனிமேல்தான் வருகிறது.

இது இரண்டாயிரத்துக்குப் பிந்தைய சில ஆண்டுகளில் நடந்தது. செம்பாக்கம் ஏரியிலிருந்து கொஞ்சம் தள்ளி, எட்டாம் வகுப்பு வரைக்குமான சின்னப் பள்ளி எங்களுடையது. நான் துணைத் தலைமையாசிரியை. எங்கள் கரஸ்பாண்டென்ட் அதற்கு முன்பு பெயின்ட் கடை வைத்திருந்தவர். அந்தக் காலத்தில் எங்கள் பள்ளிச் சுவர்கள் மாதிரி தாம்பரம் வட்டாரத்தில் எந்தப் பள்ளிச் சுவரும் பளபளத்ததில்லை. தங்கமான மனிதர். ஆனால் ஒரு யோசனை அவர் தலைக்குள் புகுந்துவிட்டால், அது செயலாக வெளியே வருகிறவரை அவரும் தூங்கமாட்டார், நாங்களும் தூங்க முடியாது.

ஒரு வருடம் அவர் அமெரிக்காவில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போனார். பேரன் படிக்கும் பள்ளிக்கு நீண்ட கோடை விடுமுறையே கிடையாதாம். இரண்டு மாதம் போலப் படிப்பு, பிறகு இரண்டு மூன்று வாரம் விடுமுறை, மறுபடியும் படிப்பு என்று வருடம் முழுக்க ஓடுமாம். விமானத்திலிருந்து இறங்கிய மறுநாளே எங்களை எல்லாம் கூட்டி, ஆளுக்கொரு சாக்லேட் கொடுத்துவிட்டு அறிவித்தார்.

"இனிமே நம்ம ஸ்கூல்ல சம்மர் லீவு கிடையாது!"

தமிழ் மிஸ் வாயில் போட்ட சாக்லேட் அப்படியே நின்றுவிட்டது.

"எதுக்கு ரெண்டு மாசம் லீவு? அந்தக் காலத்துல பசங்க வயல் வேலைக்குப் போகணும்னு விட்டாங்க. இங்க எவன் வயல்ல இறங்குறான்? முடிச்சூர்லயே வயலெல்லாம் பிளாட் போட்டு வித்தாச்சு!"

நாங்கள் எல்லோரும் ஒரே குரலில் எதிர்ப்போம் என்று நினைத்தேன். அப்போது கணக்கு ஆசிரியர் பார்த்தசாரதி சார் எழுந்தார். திருநீர்மலையிலிருந்து சைக்கிளில் வருபவர். நெற்றியில் திருமண், மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. சிரித்து யாரும் பார்த்ததில்லை. பிள்ளைகள் அவருக்கு 'சைலன்ஸ் சார்' என்று பெயர் வைத்திருந்தார்கள். அவர் கைகூப்பி, தழுதழுத்த குரலில் சொன்னார்: "சார், இதுக்காகத்தான் நான் இத்தனை வருஷமா காத்துண்டிருந்தேன்."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. மார்ச் மாதம் பின்னக் கணக்கைக் கண்ணை மூடிக்கொண்டு போட்ட பிள்ளை ஜூன் மாதம் வந்து நின்று, "சார், கீழ இருக்குறது பெருசா, மேல இருக்குறது பெருசா?" என்று கேட்கும். வருடத்தின் முதல் மாதம் முழுவதும் போன வருடத்துக்கே போய்விடும். வேலைக்குப் போகும் அம்மாக்கள் படும் பாடு தனி. மே மாதத்தில் பிள்ளையைப் பூட்டிய வீட்டுக்குள் டி.வி.யோடு விட்டுவிட்டு, ஆபீஸில் உட்கார்ந்து அரை மணிக்கு ஒருமுறை போன் செய்துகொண்டிருந்த தாய்மார்கள் எத்தனையோ பேரை எனக்குத் தெரியும்.

எதிர்ப்பக்கத்திலும் நியாயம் இருந்தது. வெயில், ஊர்த் திருவிழா, வைகாசிக் கல்யாணங்கள், எங்கள் சொந்தப் பிள்ளைகள் படிக்கும் வேறு பள்ளிகள். ஆனால் கரஸ்பாண்டென்ட் முடிவு செய்துவிட்டார். அனுமதி கேட்டுக் கல்வி அலுவலகத்துக்கு எழுதியும் போட்டுவிட்டார்.

பெற்றோர் கூட்டம் நடந்தது. முதலில் எழுந்தவர் ஜப்பார் பாய். தாம்பரம் மார்க்கெட்டில் செருப்புக் கடை வைத்திருப்பவர். மூன்று பிள்ளைகளும் எங்களிடம்தான் படித்தார்கள்.

"சார், நடுவுல விடுற லீவை நாமளே எப்போ வேணா வெச்சுக்கலாமா?"

"தாராளமா பாய்."

"அப்போ ரம்ஜானுக்கு வெச்சுக்கலாமா?"

அந்த ஆண்டுகளில் ரம்ஜானும் தீபாவளியும் ஏறக்குறைய ஒரே வாரத்தில் வந்துகொண்டிருந்தன. கரஸ்பாண்டென்ட் மேஜையைத் தட்டினார். "பாய், ரெண்டுக்கும் சேர்த்து வெச்சுக்கலாம்! மூணு வாரம்!"

கூட்டத்தில் எழுந்த கைதட்டலைப் பார்த்து, எல்லாம் முடிந்துவிட்டது என்று அவர் நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டார். அப்போது பின் வரிசையிலிருந்து தேவகி கை தூக்கினாள். ராஜகீழ்பாக்கம் மார்க்கெட்டில் மீன் விற்பவள். மகள் ரேவதி நான்காம் வகுப்பு. கணவன் ஏழுமலைக்குக் காசிமேட்டில் விசைப்படகில் வேலை. கடலுக்குப் போனால் ஒரு வாரம், பத்து நாள். கரைக்கு வந்தாலும் வலை பின்னவும் படகைச் சரிசெய்யவும் அங்கேயே தங்கிவிடுவான். வீட்டுக்கு எப்போது வருவான் என்று அவனுக்கே தெரியாது.

"சித்திரை பொறந்தா மீன் புடிக்கத் தடை போட்டுருவாங்க சார். ஒன்றரை மாசம் போட்டு கடலுக்குப் போவாது. அப்பதான் அது அப்பா வூட்டுல கீறாரு. அந்த நேரத்துல நீங்க ஸ்கூலு வெச்சா எப்டி?"

"நடுவுல ஒரு வாரம் லீவு இருக்கும்மா" என்றார் கரஸ்பாண்டென்ட்.

"ஒரு வாரமா? அந்த ஆளு தூங்கி எழுந்துக்கவே ஒரு வாரம் ஆவும் சார்."

எல்லோரும் சிரித்தார்கள். தேவகியும் சிரித்தாள். ஆனால் உட்கார்ந்த பிறகு அவள் சிரிக்கவில்லை. நான் அதைப் பார்த்தேன்.

திட்டம் தொடங்கியது. ஆரம்பத்தில் பிரமாதமாகத்தான் போனது. தீபாவளி–ரம்ஜான் விடுமுறை இருக்கிறதே, அதை மறக்கவே முடியாது. தீபாவளிக்கு ஜப்பார் பாய் வீட்டுப் பிள்ளைகள் நண்பர்கள் வீட்டில் பட்டாசு வெடித்தார்கள். அடுத்த சில நாட்களிலேயே வகுப்பில் பாதி ஜப்பார் பாய் வீட்டில் பிரியாணிக்கு உட்கார்ந்திருந்தது. அவசரமில்லாமல், மறுநாள் பரீட்சை என்ற பயமில்லாமல் இரண்டு பண்டிகையையும் பிள்ளைகள் முழுசாகக் கொண்டாடியது அந்த வருடம்தான்.

மூன்றாவது வாரத்தில்தான் சிக்கல் ஆரம்பித்தது. ஊரில் மற்ற எல்லாப் பள்ளியும் நடக்கிறது, எங்கள் பிள்ளைகளுக்கு மட்டும் விடுமுறை. விளையாட ஆள் கிடையாது. எங்கள் ஆறாம் வகுப்பு மாணவர்கள் இரண்டு பேர் பட்டப்பகலில் பேட்டும் பந்துமாகத் தெருவில் திரிந்திருக்கிறார்கள். அந்தத் தெருவில் பொறுப்புள்ள அம்மா ஒருவர் இருந்தார். "ஸ்கூல் கட் அடிச்சிட்டு மட்டை தூக்கினு திரியிறீங்களாடா?" என்று ஆளுக்கொரு காதைப் பிடித்தார். "லீவு ஆன்ட்டி, சத்தியமா லீவு" என்று அலறியும் விடவில்லை. "எந்த ஸ்கூல்லடா இன்னிக்கு லீவு?" காதை விடாமல் இழுத்துக்கொண்டு எங்கள் பள்ளி வரைக்கும் வந்துவிட்டார். பார்த்தால் கேட் பூட்டியிருக்கிறது.

ஏதோ வேலையாக நான் உள்ளே இருந்தேன். சத்தம் கேட்டு வந்து கதவைத் திறந்தேன். அந்த அம்மா என்னையும் ஒரு பார்வை பார்த்தார். டீச்சரும் கட் அடித்துவிட்டாளோ என்கிற பார்வை.

விளக்கம் சொல்லி அனுப்பினேன். காது சிவந்து நின்ற அந்த இரண்டு பேரும் போகவில்லை. "மிஸ், உள்ள வரலாமா? போர் அடிக்குது" என்றார்கள். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பள்ளிக்குள் விடச்சொல்லி ஒரு பிள்ளை கெஞ்சுவதை நான் கண்டது அன்றுதான்.

இப்படியாக ஏப்ரல் வந்தது.

கத்திரி வெயில் தொடங்குவதற்கு முன்பே வகுப்புகள் காலியாக ஆரம்பித்தன. யார் என்ன சொன்னாலும் சரி, மதுரைக்காரர் மதுரைக்குப் போனார், நெல்லைக்காரர் நெல்லைக்குப் போனார். ரயில் டிக்கெட்டை மாதக்கணக்கு முன்னாடியே எடுத்து வைத்திருந்தார்கள். ஏழாம் வகுப்பில் ஒரு நாள் வந்தது மொத்தமே ஐந்து பேர். வரலாறு மிஸ் போர்க்களத்தை விளக்குவதற்கு எதிரிப் படைக்கு ஆள் போதவில்லை என்று ஆயாவை உட்கார வைத்தார்.

கரஸ்பாண்டென்டுக்குக் கோபம் தலைக்கேறியது. "மே மாசம் வராத பசங்க பேரை அடிச்சிடுங்க விமலா மிஸ்" என்றார். எங்கள் தலைமையாசிரியை முழங்கால் ஆபரேஷன் செய்துகொண்டு வீட்டில் இருந்தார். பள்ளிப் பொறுப்பு முழுவதும் என் தலையில்.

"யார் பேரையும் நான் அடிக்க மாட்டேன் சார்" என்றேன். "உங்களுக்கு அவசியம்னு பட்டா நீங்களே அடிச்சுக்கங்க."

அவர் அடிக்கவில்லை. ஆனால் பெயரை அடித்துவிடுவார்களாம் என்ற பேச்சு மட்டும் பெற்றோரிடம் பரவிவிட்டது. தேவகி பயந்துபோய் ரேவதியைத் தினமும் அனுப்பினாள். ரேவதிக்கு ஒன்பது வயது. வந்து உட்காருவாள், கேட்டால் பதில் சொல்வாள், ஆனால் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருப்பாள். அந்த ஜன்னலிலிருந்து பார்த்தால் கேட்டும் அதற்கு வெளியே ஒரு தூங்குமூஞ்சி மரமும் தெரியும். மரத்தடியில் ஏழுமலை உட்கார்ந்திருப்பான்.

காலையில் மகளைச் சைக்கிளில் கொண்டு வந்து விடுவான். திரும்பிப் போக மாட்டான். பெரிய ஆகிருதி, வெயிலில் கறுத்த தோள்கள், லுங்கி, தலையில் துண்டு. மதியம் பெல் அடித்ததும் ரேவதி டிபன் டப்பாவோடு ஓடுவாள். கேட்டுக் கம்பிக்கு உள்ளே இவள், வெளியே அவன், நடுவில் டப்பா. கம்பி இடுக்கு வழியாகக் கை விட்டுச் சாப்பிடுவார்கள். முதல் நாள் அதைப் பார்த்ததும் நான் போய்க் கேட்டைத் திறந்துவிட்டேன்.

"வீட்டுல போய் ஓய்வா இருக்கலாமே, ஏழுமலை? வெயில்ல ஏன் கஷ்டப்படறீங்க?"

"வூட்டுல யாரு மிஸ் கீறா? அது அம்மா மார்க்கெட்டுக்குப் பூட்ச்சி. இது இங்க கீது. நான் மட்டும் வூட்டுல குந்திகினு இன்னா பண்றது?"

ரேவதிக்கு விடுப்புக் கொடுங்கள் என்று கரஸ்பாண்டென்டிடம் கேட்டேன். "ஒருத்தருக்குக் கொடுத்தா எல்லாரும் கேப்பாங்க மிஸ்" என்றார். "எல்லாரும் கேக்காமலே போயாச்சு சார். கேட்டுட்டுப் போகணும்னு நினைக்கிறவதான் மாட்டிக்கிட்டா" என்றேன். அவர் முகம் கொஞ்சம் வாடியது. நாளைக்குச் சொல்கிறேன் என்றார்.

அந்த நாளையில்தான் ஜீப் வந்தது.

மதியச் சாப்பாட்டுக்கு முந்தைய பீரியட். கோடையில் எந்தப் பள்ளியும் வகுப்பு நடத்தக்கூடாது என்று கல்வி அலுவலகத்திலிருந்து சுற்றறிக்கை வந்திருந்தது. நாங்கள் அனுமதி கேட்டு எழுதிய கடிதத்துக்கு மட்டும் பதில் வரவே இல்லை. இத்தனை மாதமாக ஏன் பதில் இல்லை என்று நான் கேட்டபோதெல்லாம் கரஸ்பாண்டென்ட் கண்ணடித்து, "மௌனம் சம்மதம் மிஸ்" என்று சொல்லிவிடுவார். இப்போது தெரு முனையில் அரசு ஜீப்பைப் பார்த்ததும் அதே மனிதர் அலுவலகத்திலிருந்து பாய்ந்து வெளியே வந்தார்.

"கேம்ப்! கேம்ப்! எல்லாரும் கேம்ப்!"

வராந்தாவில் ஓடிக்கொண்டே ஒவ்வொரு வகுப்புக்குள்ளும் தலையை நீட்டிக் கத்தினார். "சம்மர் கேம்ப் நடக்குது! புக்ஸை உள்ள வைங்க! டை கழட்டுங்க! டிராயிங் பண்ணுங்க, பாடுங்க, ஆடுங்க, ஏதாவது பண்ணுங்க!"

பிள்ளைகளைப் பற்றி உங்களுக்குத் தெரிய வேண்டிய முக்கியமான விஷயம் இது. 'அமைதியாக உட்கார்' என்று நூறு முறை சொன்னால் ஒரு முறை கேட்பார்கள். 'ஏதாவது பண்ணுங்க' என்று ஒரே ஒரு முறை சொல்லிப் பாருங்கள். நான்காம் வகுப்பில் அத்தனை டையும் ஒரே நேரத்தில் கூரையை நோக்கிப் பறந்தன. ஒன்று மின்விசிறியில் மாட்டிக்கொண்டு சுற்ற ஆரம்பித்தது. எட்டாம் வகுப்பில் பெஞ்சில் தாளம் போட்டார்கள். இரண்டாம் வகுப்பில் யாரோ ஒருத்தி சந்தோஷத்தில் அழுதே விட்டாள்.

நான்காம் வகுப்பில் இருந்தவர் பார்த்தசாரதி சார். ஏழாம் வாய்ப்பாட்டை எழுதிக்கொண்டிருந்தவர் கையில் சாக்பீஸோடு சிலையாக நின்றார். கரஸ்பாண்டென்ட் அவர் காதில் கெஞ்சினார்: "சார், டான்ஸ் கிளாஸ். நீங்க டான்ஸ் மாஸ்டர்."

"நானா?"

"ஸ்கூலைக் காப்பாத்துங்க சார்!"

சொல்லிவிட்டு அவர் வாசலுக்கு ஓடினார். கேட்டுக்கு வெளியே ஏழுமலை எழுந்து நின்று இந்தக் கூத்தையெல்லாம் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான். கரஸ்பாண்டென்ட் அவன் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு வந்தார். ஏன் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

ஜீப்பிலிருந்து இறங்கிய அதிகாரி என் வயது இருக்கும் அம்மையார். காட்டன் புடவை வியர்வையில் நனைந்திருந்தது. முகத்தில் ஒரே களைப்பு. காலையிலிருந்து எத்தனை பள்ளிக்குப் போய் யார் யாரிடம் என்னென்ன கதை கேட்டாரோ.

"ஸ்கூல் நடக்குதா?"

"சம்மர் கேம்ப் மேடம்!" என்றார் கரஸ்பாண்டென்ட். "கட்டாயம் எதுவும் இல்ல. இஷ்டப்பட்டவங்க மட்டும்."

"கேம்புக்கு எதுக்கு யூனிஃபார்ம்?"

"அது... ஒற்றுமைக்காக மேடம்."

அவர் வராந்தாவில் நடந்தார். நான்காம் வகுப்பு வாசலில் நின்றார். நானும் பின்னால் போய் நின்றேன். உள்ளே கண்ட காட்சியை எத்தனை வருடம் ஆனாலும் மறக்கமாட்டேன். பார்த்தசாரதி சார் வேட்டி நுனியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையை மேலே தூக்கியிருந்தார். ஆடத் தெரியாத மனிதர், தனக்குத் தெரிந்த ஒரே ஒன்றை வைத்து ஆட்டத்தை உருவாக்கிவிட்டார். "ஏழு!" என்றால் வலது பக்கம் ஏழு அடி. "பதினாலு!" என்றால் இடது பக்கம். "இருபத்தொண்ணு!" என்றால் ஒரு சுற்று, ஒரு குதி. பிள்ளைகள் தொண்டை கிழியக் கத்திக்கொண்டு அவரோடு குதித்தார்கள். தரை அதிர்ந்தது. திருமண் வியர்வையில் கரைந்து மூக்கு வரை வந்துவிட்டது. அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"இவர் டான்ஸ் மாஸ்டர் மேடம்" என்றார் கரஸ்பாண்டென்ட். "இவர் ஏழுமலை. நீச்சல் மாஸ்டர்."

அவனை இழுத்துக்கொண்டு வந்தது இதற்குத்தான்.

அதிகாரி ஏழுமலையை மேலும் கீழும் பார்த்தார். "நீச்சலா? இங்க நீச்சல் குளம் இருக்கா?"

"இல்ல மேடம்... வந்து... ஏரி..."

"குழந்தைங்களை ஏரியில இறக்குறீங்களா?"

அவர் குரல் மாறிவிட்டது. பொய் என்பது அப்படித்தான். ஒன்றைக் காப்பாற்ற அடுத்ததைச் சொல்கிறோம், அது முதலாவதைவிடப் பெரிய குற்றமாக வந்து நிற்கிறது. கோடையில் வகுப்பு நடத்தியதற்குக் கண்டிப்பார்கள். பிள்ளைகளை ஏரியில் இறக்கினால் அங்கீகாரத்தையே ரத்து செய்வார்கள்.

"ஏம்ப்பா, நீ சொல்லு" என்று அதிகாரி ஏழுமலையிடம் திரும்பினார். "என்ன சொல்லித் தர்றே?"

"நான் இன்னாத்த மேடம் சொல்லித் தரப்போறேன்? எம் பொண்ணு உள்ள படிச்சிகினு கீது. நான் வெளிய குந்திகினு இருந்தேன். இந்த சாரு கையைப் புடிச்சி இட்டாந்துட்டாரு. நீச்சல் மாஸ்டருன்னு இவரு சொல்லித்தான் எனக்கே தெரியும்."

அதிகாரி வகுப்புக்குள் பார்த்தார். முன் வரிசையில் மூச்சு வாங்க நின்றது ரேவதி.

"இது என்ன கேம்ப்மா?"

"தெரியல மேடம்" என்றாள் ரேவதி. "இப்பத்தான் ஆரம்பிச்சாங்க."

ஆட்டம் நின்றுவிட்டது. விசிறியில் டை மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. கரஸ்பாண்டென்ட் என்னைப் பார்த்தார். எப்படியாவது சமாளியுங்கள் மிஸ் என்று கண்ணாலேயே கெஞ்சினார். உண்மையில் அந்த நொடியில் என் நாக்கு நுனியில் ஒரு பொய் தயாராகவும் இருந்தது. ஆண்டு விழா ஒத்திகை என்று சொல்லலாம், நன்றாகவே எடுபடும். ஆனால் பிள்ளைகள் அத்தனை பேரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மிஸ் இப்போது என்ன சொல்லப்போகிறாள் என்று. இன்று நான் சொல்வதை அவர்கள் நாளைக்கு என்னிடமே சொல்வார்கள்.

"மேடம், கேம்ப் இல்ல. ஸ்கூல்தான் நடக்குது" என்றேன்.

சொன்னதும் எனக்கு உடம்பே லேசாகிவிட்டது. நிற்காமல் பேசினேன். ஜூனிலிருந்து இப்படித்தான் நடத்துகிறோம் என்றேன். பிள்ளைகள் பாடத்தை மறக்கவில்லை, அது நிஜம் என்றேன். இரண்டு பண்டிகைக்கும் நிம்மதியாக விடுமுறை கிடைத்தது, அதுவும் நிஜம். வேலைக்குப் போகிற அம்மாக்கள் கும்பிடாத குறையாக நன்றி சொன்னார்கள் என்றேன். ஆனால் மே மாதத்தில் வகுப்பில் பாதிப் பேர் இல்லை, வந்தவர்களில் பாதிப் பேர் மனத்தால் இங்கே இல்லை, இந்த அப்பாவுக்கு வருடத்தில் மகளோடு இருக்கக் கிடைக்கும் ஒரே காலத்தை நாங்கள் கேட்டுக்கு வெளியே உட்கார வைத்துவிட்டோம் என்றேன்.

"அனுமதி?"

"கேட்டிருக்கோம். பதில் வரல."

"பதில் வரலைன்னா?"

கரஸ்பாண்டென்ட் குறுக்கிட்டார். "மௌனம் சம்மதம்னு..."

"அது கல்யாணத்துக்கு சார்."

சரியாக அந்த நேரத்தில் விசிறியிலிருந்த டை கழன்று, பறந்து வந்து, கரஸ்பாண்டென்ட் கழுத்தில் மாலை மாதிரி விழுந்தது. பிறகு அந்த அம்மையாரின் தோள் குலுங்கியது. வாயைப் பொத்தினார். முடியவில்லை. வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தார். அவர் சிரித்ததும் பிள்ளைகள் சிரித்தார்கள், ஏழுமலை சிரித்தான், கடைசியில் டையைக் கழுத்தில் போட்டபடியே கரஸ்பாண்டென்டும் சிரித்தார்.

உடனே எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். அலுவலக அறையில் நீர்மோர் குடித்துக்கொண்டே அவர் எங்களை வெளுத்து வாங்கினார். அங்கீகாரம் இல்லாமல் தெருவில் நின்றிருப்பீர்கள் என்றார். "ஏரின்னு சொன்னதை எழுதியிருந்தா இன்னிக்கே முடிஞ்சிருக்கும். அந்த மிஸ் வாயைத் திறந்ததால தப்பிச்சீங்க." நாளை முதல் பள்ளி மூட வேண்டும், ஜூன் வரைக்கும் திறக்கக் கூடாது. தீபாவளி–ரம்ஜான் விடுமுறையைப் பற்றி மட்டும், முறையாகத் திரும்ப எழுதுங்கள், பார்க்கலாம் என்றார். எழுதினோம். இரண்டு பண்டிகையும் சேர்ந்து வந்தவரை சில வருடம் அந்த விடுமுறையை விட்டு, சனிக்கிழமைகளில் வகுப்பு வைத்து ஈடுசெய்தோம். கோடை விடுமுறை பழையபடி திரும்பி வந்தது. ஜூனில் பாடமும் பழையபடி மறந்தது.

வருடம் முழுக்கப் பள்ளி நல்லதா கெட்டதா என்று கேட்டால் நான் இரண்டு பக்கமும் பேசுவேன். யாருக்கு, எந்த மாதத்தில் என்று நீங்கள் திருப்பிக் கேட்டால்தான் ஒரு பதில் சொல்வேன். விடுமுறை அட்டவணை போடுகிற பொறுப்பு என்றாவது உங்களுக்கு வந்தால், முதலில் பிள்ளைகளின் அப்பா எப்போது வீட்டில் இருப்பார், அம்மா எப்போது வேலைக்குப் போவார் என்று விசாரித்துவிட்டு உட்காருங்கள்.

ஆனால் அன்று மதியத்தைச் சொல்லாமல் முடிக்க எனக்கு மனம் வரவில்லை.

பெல் அடிக்கச் சொன்னேன். நாளையிலிருந்து விடுமுறை என்று கரஸ்பாண்டென்ட் தானே ஒவ்வொரு வகுப்பாகப் போய், துக்கச் செய்தி மாதிரி தாழ்ந்த குரலில் சொன்னார். கேட்டவர்கள் கத்திய கத்தலில் ஏரிக்கரைக் கொக்குகள் எழும்பிப் போயிருக்கும். முதலில் வெளியே பாய்ந்தவள் ரேவதி. பை ஒரு பக்கம், செருப்பு ஒரு பக்கம். "யப்பா, லீவு! யப்பா!" என்று போய் விழுந்தவளை ஏழுமலை அப்படியே தூக்கிச் சைக்கிள் பாரில் உட்கார வைத்தான். செருப்பை எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன்.

"மிஸ், ஜூன்ல கரீட்டா இட்டாந்து வுட்டுர்றேன்" என்றான். "நான் இல்லன்னாலும் அது அம்மா இட்டாரும்."

"எங்க கிளம்பிட்டீங்க?"

அவன் மகளைப் பார்த்தான். அவள் அவனைப் பார்த்தாள். "தெரியல மிஸ்" என்றான் வாயெல்லாம் பல்லாக. "போய்கினே யோசிக்கறோம்." மணியை அடித்துக்கொண்டே தெரு முனையில் திரும்பினார்கள்.

பள்ளி காலியாகிவிட்டது என்று நினைத்துத் திரும்பினேன். தரை அதிரும் சத்தம் கேட்டது. நான்காம் வகுப்பில் ரேவதியைத் தவிர ஒருவரும் போகவில்லை. பார்த்தசாரதி சார் சட்டைக் கையை மடித்துவிட்டு, கரும்பலகையில் அடுத்த வாய்ப்பாட்டை எழுதிக்கொண்டிருந்தார்.

"சார், பெல் அடிச்சாச்சு" என்றேன்.

"தெரியும் மேடம். பசங்க விட மாட்டேங்கறாங்க. பதினெட்டு முடிச்சாச்சு."

"பத்தொம்பது சார்! பத்தொம்பது!" என்று வகுப்பே குதித்தது.

ஜீப் டிரைவர் வாசலில் ஹார்ன் அடித்தார். வராந்தாவில் வந்துகொண்டிருந்த அதிகாரி நின்றார். கைப்பையை என்னிடம் கொடுத்தார். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகினார்.

"அந்த டிரைவரை ஒரு பத்து நிமிஷம் இருக்கச் சொல்லுங்க மிஸ்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். "பத்தொம்பது எனக்கு எப்பவும் வந்ததே இல்ல."